முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை, தாமிரபரணிக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் கேமராவே கதி என்று இருக்கும் ஓர் இளைஞரையாவது பார்க்கலாம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஸ்டூடியோ ஒன்றில் எடுபிடியாக நிற்பவர், விஸ்காம் படிப்பவர், இருக்கிற செல்போனில் ரீல்ஸ் எடுத்துப் பழகுபவர் என்று பல வகை. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எந்தக் கேமரா வாங்கலாம்? சென்னைக்குப் போகாமல் முன்னுக்கு வர முடியுமா? இந்தத் தொழிலை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு என் பதில்: முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வருடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். முகூர்த்த மாதங்களில் பணம் சம்பாதியுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பெயர் சம்பாதியுங்கள். நம் பகுதியில் பலர் முதல் பாதியைத் திறம்படச் செய்கிறார்கள். இரண்டாம் பாதியில், 'சீசன் இல்லை' என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்தும் அவர்கள் இன்னொருவரின் இரண்டாவது கேமராமேனாகவே இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான் விரித்துச் சொல்லப்போகிறது.

முதல் வருடம்: யாரிடம் கற்பது?

படிப்பா, பயிற்சியா என்று குழம்ப வேண்டாம். இரண்டும் இங்கேயே கிடைக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. சினிமா ஒளிப்பதிவோ படத்தொகுப்போதான் இலக்கு என்றால், சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு விண்ணப்பியுங்கள். அரசு நிறுவனம் என்பதால் தனியார் சினிமாப் பள்ளிகளோடு ஒப்பிடக் கட்டணம் மிகக் குறைவு. இடங்களும் குறைவு, அதனால் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

கல்லூரியில் சேர முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நல்ல ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவரிடம் ஒரு வருடம் வேலை பார்ப்பது ஒரு பட்டயப் படிப்புக்குச் சமம். ஆனால் அந்த வருடத்தில் என்ன கற்க வேண்டும் என்று நீங்களே ஒரு பட்டியல் வைத்திருங்கள். மண்டபத்தில் டியூப்லைட், எல்இடி, வாசல் வழியே வரும் வெயில் எல்லாம் கலந்த வெளிச்சத்தில் முகத்தின் நிறம் கெடாமல் எடுப்பது. தாலி கட்டும் நேரத்தில் ஐயருக்கும் உறவினருக்கும் இடையே தள்ளுமுள்ளு இல்லாமல் இடம் பிடிப்பது. குரூப் போட்டோவில் தாய்மாமனை எங்கே நிறுத்துவது, பெரியம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று தெரிந்துகொள்வது. ஆல்பம் டிசைன். அச்சுக்குப் போகும்போது நிறம் ஏன் மாறுகிறது என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோபமாக இருக்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்பது.

சேரும் அன்றே மூன்று விஷயங்களைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், நான் எடுத்த படங்களை என் தொகுப்பில் காட்டலாமா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால், ஒரு வருடம் உழைத்த பிறகும் காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு படம்கூட இருக்காது.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சடங்கு வீட்டிலும் மணப்பெண் அறையிலும் வளைகாப்பிலும் ஒரு பெண் கேமராவோடு வந்தால் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ குடும்பங்கள் நினைக்கின்றன. அந்தத் தேவைக்குத் தக்க ஆட்கள் நம் பகுதியில் இல்லை. இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து குழுவாகத் தொடங்குங்கள். இரவு நிகழ்ச்சி என்றால் போக வர வாகனம் யார் பொறுப்பு என்பதையும் கட்டணத்தோடு சேர்த்தே பேசிவிடுங்கள்.

கேமரா வாங்கும் முன்

முதல் கேள்விக்கான பதில் இது: முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் செல்போனில் வெளிச்சத்தைக் கவனிக்கப் பழகுங்கள். வேலைக்குத் தேவைப்படும்போது வாடகைக்கு எடுங்கள். எந்த லென்ஸை அடிக்கடி வாடகைக்கு எடுக்கிறீர்களோ, அதைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை. ஷட்டர் கவுண்ட் எவ்வளவு என்று பாருங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கண்ணாடிக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். திருச்செந்தூர், உவரிப் பக்கம் கடற்கரை வேலைக்குப் போன கேமரா என்றால் உப்புக் காற்றால் உள்ளே துரு ஏறியிருக்கலாம். பில் இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். திருட்டுப் பொருளாக இருந்தால் வில்லங்கம் உங்கள் தலையில் விழும். கல்யாண வேலைக்கு இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள கேமரா நல்லது. ஒரு கார்டு பழுதானாலும் இன்னொன்றில் படம் இருக்கும். தாலி கட்டுவதை இரண்டாம் முறை எடுக்க முடியாது.

கடன் வாங்குவதாக இருந்தால், மாதத் தவணை உங்கள் சீசன் இல்லாத மாத வருமானத்துக்குள் அடங்க வேண்டும். தை மாத வருமானத்தைப் பார்த்துத் தவணை போட்டவர்கள் ஆடியில் தவிப்பார்கள். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரையும், கிஷோர் பிரிவில் ரூ.5 லட்சம் வரையும் வங்கியில் கேட்கலாம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இடைத்தரகர் தேவையில்லை.

ஆடி, புரட்டாசி, மார்கழி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் இந்துக் குடும்பங்களில் கல்யாணம் அநேகமாக இல்லை. இந்த மூன்றும்தான் தாமிரபரணிப் படுகையில் படம் எடுக்க மிகச் செழிப்பான மாதங்கள். தொழில் இல்லாத காலமும் பண்டிகைக் காலமும் இப்படிச் சேர்ந்து வருவது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். சங்கரன்கோவிலில் ஆடித் தபசு நடக்கிறது. ஊர் ஊராக அம்மன் கோயில் கொடை வருகிறது. வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கரகாட்டம், சுடலைமாடன் கோயில்களில் மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்து என்று கலைகள் எல்லாம் ஒரே இரவில் கண்முன் நடக்கின்றன. வயலில் கார் பயிர் நிற்கிறது.

புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. காளி, குரங்கு, ராஜா, பிச்சைக்காரர் என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் கடற்கரைச் சூரசம்ஹாரத்தில் வந்து சேருகிறார்கள். இதைப் படம் எடுக்க வெளிமாநிலங்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எடுப்பது பெரும்பாலும் கடைசி இரண்டு நாள் கூட்டத்தை. அவர்களால் எடுக்க முடியாதது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் வேடம் கட்டும் அண்ணன், நாற்பத்தோரு நாள் மாலை போட்டு விரதம் இருப்பது, எதற்காக நேர்ந்துகொண்டார் என்பது, அவர் வீட்டில் சடைமுடி தயாராவது, முதல் நாள் கண்ணாடியில் அவர் தன்னைப் பார்ப்பது. அது உங்களுக்கு மட்டுமே கிடைக்கும் படம்.

மார்கழியில் பிசானப் பயிர் பச்சை கட்டியிருக்கும். காருகுறிச்சியில் பொங்கல் பானையும் அடுப்பும் செய்யும் வேலை மும்முரமாக நடக்கும். கூந்தன்குளத்துக்கும் கரைக் குளங்களுக்கும் பறவைகள் வந்திருக்கும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் 2011 முதல் ஜனவரி தோறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். தன்னார்வலர்களாகச் சேரலாம். பறவைப் படம் எடுக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. பறவையின் பெயரும் பழக்கமும் தெரிந்தவருக்குத்தான் அதன் நல்ல படம் வாய்க்கும்.

இந்த மாதங்களில் பணமும் முற்றிலும் நின்றுபோக வேண்டியதில்லை. நம் பகுதி பல சமயத்தார் வாழும் பகுதி. பாளையங்கோட்டை, நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தையும், மேலப்பாளையம், காயல்பட்டினம் முஸ்லிம் குடும்பங்கள் ரமலானையும் தவிர்ப்பார்கள். அவர்களுக்கு ஆடி, புரட்டாசி என்ற கணக்கு இல்லை. ஒரே சமூகத்தின் கல்யாணங்களை மட்டும் எடுப்பவருக்கு வருடத்தில் பல மாதம் வேலை இருக்காது. மூன்று சமயத்தாரின் சடங்கு முறைகளையும் மரியாதையோடு கற்றுக்கொண்டவருக்கு வேலை தொடர்ந்து வரும்.

இன்னொரு வருமானம் பொருள் படங்கள். பத்தமடைப் பாய், உடன்குடிப் பனங்கருப்பட்டி, வீரவநல்லூர் செடிபுட்டா சேலை மூன்றுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி அப்பளமும் நெல்லை அல்வாவும் ஊர் ஊராகப் போகின்றன. இவற்றைச் செய்யும் சிறு தொழில்காரர்கள் இணையத்தில் விற்க முயலும்போது வைத்திருக்கும் படங்கள் மங்கலாக இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சம், வெள்ளைத் துணி, ஒரு தெர்மாகோல் பலகை இருந்தால் வீட்டிலேயே எடுக்கலாம். பொருளைத் தனியாக நான்கு கோணம், நெய்யும் கை, செய்யும் ஆள் என்று ஒரு தொகுதியாக விலை சொல்லுங்கள். கல்யாணம் இல்லாத மாதங்களில் கைச்செலவுக்கு இது போதும்.

ஒரே பொருள், மூன்று வருடம்

பெயர் சம்பாதிப்பது எப்படி? சிதறிக் கிடக்கும் ஐந்நூறு நல்ல படங்களைவிட, ஒரே பொருளைப் பற்றிய இருபது படங்களுக்கு மதிப்பு அதிகம். பத்திரிகை ஆசிரியரோ, நல்கை கொடுக்கும் நிறுவனமோ, திரைப்பட இயக்குநரோ பார்ப்பது அதைத்தான். இந்த ஆளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி.

மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமாரைப் பாருங்கள். மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாயின் மகன். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் பல வருடங்கள் தொடர்ந்து படமாக்கினார். 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவில் அவர் இருந்தார். பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' இணைய இதழில் அவருடைய படங்கள் வருகின்றன. தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது 2022-இல் முதன்முதலாக அவருக்கே கிடைத்தது. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன், ஊரடங்கு காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பித் தன் வீட்டையும் உறவுகளையும் படமாக்கினார். அந்தப் படங்களே அவரை உலகப் புகைப்பட அரங்குகளுக்குக் கொண்டுபோயின. இருவரும் தங்கள் மக்களையும் வீட்டையும்தான் எடுத்தார்கள்.

நம் ஆற்றங்கரையிலேயே சான்று இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் புளியங்குளத்திலிருந்து போன மாரி செல்வராஜ், இயக்குநர் ராமிடம் பல வருடம் உதவி இயக்குநராக இருந்தார். அந்தக் காலத்திலேயே சிறுகதை எழுதினார், பத்திரிகையில் தொடர் எழுதினார். 2018-இல் 'பரியேறும் பெருமாள்' வருவதற்கு முன்பே தன் ஊரை எழுத்தில் பல முறை பார்த்து முடித்திருந்தார். 2024-இல் வந்த 'வாழை', வாழைத்தார் சுமந்த தன் சிறுவயதைச் சொன்னது. அதற்கும் முன்னால், 1990-களில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நெல்லையில் நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் இருக்கிறார். 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தின்போது 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்ததை 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படமாக்கினார். உள்ளூரில் ஒருவர் விழிப்போடு இருந்ததால் அந்த நாள் ஆவணமாயிற்று.

2023 டிசம்பர் 17, 18 மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். சாலைகள் துண்டாகி வெளியூர்ச் செய்தியாளர்கள் வந்து சேரத் தாமதமான அந்த நேரத்தில், உள்ளூர்க்காரர்கள் செல்போனில் எடுத்த காட்சிகள்தான் நிலைமையை வெளியே சொல்லின. அருகில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதனால் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கட்டும். கோரை அறுப்பதிலிருந்து பாய் விரிவது வரை. ஒரு வில்லுப்பாட்டுக் குழுவின் ஒரு வருடம். பீடி சுற்றும் அம்மாக்களின் மாலை நேரம். 2024-இல் மாஞ்சோலையை விட்டு இறங்கத் தொடங்கிய குடும்பங்கள் இப்போது வாழும் வீடுகள். ஆற்றில் கலக்கும் சாக்கடைகள். மூன்று வருடம் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். முதல் முறை போனபோது உங்களைப் பார்த்துச் சிரித்து நின்றவர்கள், போகப் போக உங்களை மறந்து தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நல்ல படம் அப்போதுதான் தொடங்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் அன்றே குறிப்பு எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்தத் தேதி, என்ன நடக்கிறது. அவருடைய சொல்லிலேயே இரண்டு வரி. குறிப்பு இல்லாத படம் ஐந்து வருடத்தில் அநாதையாகிவிடும். எதைக் கவனிப்பது என்று தெரிய வேண்டுமானால் பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவனின் கட்டுரைகளைப் படியுங்கள். உப்பு, உரல், தாலி, சிறுதெய்வம் என்று நாம் தினமும் பார்ப்பவற்றை அவர் எப்படிப் பார்த்தார் என்று தெரிந்தால் உங்கள் கண்ணும் மாறும். சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இந்தப் பகுதியின் கலைகளைப் பல காலமாகத் தொகுத்து வருகிறது. ஒரு கொடையை எடுக்கப் போகுமுன் அத்துறையினரிடம் பேசுவது உங்கள் வேலையை ஆழமாக்கும்.

தொகுப்பு உருவானதும் கதவைத் தட்டுங்கள். படிக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், அதில் புகைப்படக்காரர்களுக்கும் இடம் உண்டு. 'பாரி'க்குத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் நிறுவனம் நல்கை விண்ணப்பங்களை இந்திய மொழிகளிலும் ஏற்கிறது. சென்னை போட்டோ பினாலே நடக்கும் காலத்தில் ஒரு முறையாவது போய், மற்றவர்கள் எப்படித் தொகுக்கிறார்கள் என்று பாருங்கள். ஆங்கிலம் வராது என்ற காரணத்தால் எந்தக் கதவையும் தட்டாமல் இருக்காதீர்கள்.

கூலிக் கணக்கு

அடுத்த கடைக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டு விலை சொல்லாதீர்கள். உங்கள் செலவைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். ஓர் உதாரணம். கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ், கம்ப்யூட்டர் சேர்த்து ரூ.2,40,000 போட்டிருக்கிறீர்கள், நான்கு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு ரூ.60,000. பழுது, ஹார்ட் டிஸ்க், சாஃப்ட்வேர் ரூ.30,000. பெட்ரோல், போன் ரூ.30,000. உங்களுக்கு மாதம் ரூ.20,000 சம்பளம் வேண்டும் என்றால் வருடத்துக்கு ரூ.2,40,000. மொத்தம் ரூ.3,60,000. வருடத்தில் 60 நிகழ்ச்சி எடுத்தால், ஒரு நிகழ்ச்சிக்கு ரூ.6,000. உதவியாள் கூலியும் ஆல்பம் அச்சுச் செலவும் இதற்கு மேல் தனி. ரூ.4,000-க்கு ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ரூ.2,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது என்று பொருள். ஒரு நாள் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் எடிட்டிங் உட்கார வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 60 நிகழ்ச்சி என்பது சுமார் 200 நாள் வேலை.

பணத்தை மூன்று பங்காக வாங்குங்கள். தேதி குறிக்கும்போது ஒரு பங்கு, நிகழ்ச்சி அன்று ஒரு பங்கு, ஆல்பம் கொடுக்கும் முன் மீதி. சொந்தக்காரர் வீட்டு வேலை என்றாலும் இதே முறைதான். குறைக்க விரும்பினால் முழுத் தொகையை எழுதி, அதற்குக் கீழே 'அன்புத் தள்ளுபடி' என்று குறைத்துக் காட்டுங்கள். உங்கள் உழைப்பின் விலை அவர்களுக்குத் தெரியட்டும். நிறுவனங்களுக்கு வேலை செய்தால் வரி பிடித்தம் செய்து கொடுப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், உங்கள் வருமானம் வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில் அது திரும்பக் கிடைக்கும். வருட வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

எடுத்த படத்தை மூன்று பிரதிகளாக வையுங்கள். இரண்டு வேறு வேறு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ. 2023 வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன் பகுதி எப்படி மூழ்கியது என்று எல்லோரும் பார்த்தோம். தரைத்தளக் கடையில் இருக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஒரு குடும்பத்தின் கல்யாணத்தை வைத்திருப்பது பெரிய ஆபத்து.

படம் யாருடையது?

இதைப் பெரும்பாலான இளைஞர்கள் அறியாமல் இருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக, படத்தை எடுத்தவரே அதன் உரிமையாளர். ஆனால் பிரிவு 17-இல் விதிவிலக்குகள் உண்டு. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட படம் என்றால், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எடுத்தது என்றால் முதலாளிக்கு உரிமை. ஆகவே நீங்கள் எடுத்த கல்யாணப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போட வேண்டுமானால் அதற்கான சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

ஒரு பக்க ஒப்பந்தம் தமிழிலேயே போதும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை படம், எப்போது கொடுப்போம், எவ்வளவு பணம், ரத்தானால் என்ன, படத்தை நான் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா. இரு தரப்பும் கையெழுத்து. ஒரு நிறுவனத்துக்குப் படத்தின் உரிமையை எழுதிக் கொடுப்பதானால் எத்தனை வருடத்துக்கு, எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து வருடம், இந்தியா என்று எடுத்துக்கொள்ளும்.

இதே நியாயம் எதிர்த் திசையிலும் பொருந்தும். வில்லுப்பாட்டுக் கலைஞருக்கும் கணியான் கூத்துக் கலைஞருக்கும் தங்கள் நிகழ்ச்சி மீது சட்டப்படி உரிமை உண்டு. கொடை வீட்டார் கூப்பிட்டார்கள் என்பதற்காக அவர்களுடைய நிகழ்ச்சியை முழுதாக எடுத்து யூடியூபில் போட்டுப் பணம் பண்ணக் கூடாது. சம்மதம் கேளுங்கள், குழுவின் பெயரையும் தொடர்பையும் போடுங்கள், வருமானம் வந்தால் பங்கு கொடுங்கள்.

எங்கே கேமராவை இறக்க வேண்டும்

2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய உத்தரவிட்டது. ஆகவே நெல்லையப்பர் கோயிலானாலும் நவதிருப்பதியானாலும் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே உள்ளே படம். களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் படப்பிடிப்பு கூடாது. ட்ரோன் வாங்குவோர் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளைப் படியுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பயன்படுத்த விமானி சான்றிதழ் வேண்டும். நம் பகுதியில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் எல்லாம் இருக்கின்றன. பறக்கவிடும் முன் ஒவ்வொரு முறையும் வரைபடத்தில் தடைப் பகுதியைப் பாருங்கள்.

சட்டம் சொல்லாத எல்லைகளும் உண்டு. மணப்பெண்ணின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ரீல்ஸ் ஆக்காதீர்கள். குழந்தைகள் ஆற்றில் குளிக்கும் படங்களை இணையத்தில் போடாதீர்கள். சாவு வீட்டில் கேமராவை எடுக்கும் முன் வீட்டாரைக் கேளுங்கள். சாதிப் பெருமை பேசும் பாட்டுக்கு அரிவாள், கார் ஊர்வலம் என்று ரீல்ஸ் எடுத்துத் தரச் சொல்லி வருவார்கள், நல்ல பணமும் கொடுப்பார்கள். மறுத்துவிடுங்கள். பள்ளிப் பையன்கள் கையில் வன்மத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அந்த வீடியோக்களுக்குப் பங்கு இருக்கிறது. நாம் வாழும் மண்ணில் அதன் விலையைப் பிள்ளைகள் ரத்தத்தால் கொடுக்கிறார்கள். அந்த வேலையை எடுத்த கை மறுநாள் வேறு தெருவுக்குள் கேமராவோடு நிம்மதியாக நுழையவும் முடியாது.

யூடியூபும் இன்ஸ்டாகிராமும்

யூடியூபில் விளம்பர வருமானம் தொடங்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடிப் பார்வையோ வேண்டும். அதைத் தாண்டிய பிறகும் மாத வரவு ஒரே சீராக இருக்காது. எனவே சேனலைக் கடை ஜன்னலாக நினையுங்கள். பார்க்கிறவர் வேலை கொடுக்க வர வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் கல்யாணம், பறவை, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். வருமான வேலைக்கு ஒரு பக்கம், சொந்த வேலைக்கு ஒரு பக்கம். தமிழில் எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நெல்லைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். பின்னணி இசைக்கு உரிமையுள்ள பாட்டையே பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் இன்னொருவரின் செயலியில் மட்டும் வைக்காமல், சிறந்த இருபது படங்களை ஒரு பிடிஎஃப் கோப்பாகச் செய்து கையில் வைத்திருங்கள். யாராவது கேட்டால் அந்த நிமிடமே அனுப்ப முடிய வேண்டும்.

சென்னைக்குப் போக வேண்டிய நேரம் சிலருக்கு வரும். சினிமா ஒளிப்பதிவு, பெரிய விளம்பரம், நாளிதழ் வேலை என்றால் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது கையில் ஒரு தொகுப்போடு போங்கள். வெறுங்கையோடு போகிறவரிடம் அந்த நகரம் கேட்கும் முதல் கேள்வி, 'உனக்கு என்ன தெரியும்?' தன் மண்ணை மூன்று வருடம் படமாக்கி முடித்தவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

எனவே இதைப் படித்து முடித்ததும் காலண்டரை எடுங்கள். வரப்போகும் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் வட்டமிடுங்கள். சைக்கிள் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளின் பெயரை அதற்கு எதிரே எழுதுங்கள். கேமரா சொந்தமாக இல்லையென்றாலும் பரவாயில்லை, முதல் மாதம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். இந்தப் படுகையின் கதைகளை வெளியிலிருந்து வருபவர் இரண்டு நாளில் எடுத்துக்கொண்டு போவதற்கு முன், அவற்றை நீங்கள் பொறுமையாக எடுத்து முடியுங்கள்.